விடுதலும் தடுத்தலும்

கொழும்பு வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், ஏதாவதொரு வீட்டின் படலையிலே ஒரு சிறு பலகை தொங்குவதைக் கண்டிருப்பர். "ரு லெற்" என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களே அதில் எழுதப்பட்டிருக்கும். வீடு வாடகைக்கு உண்டு என்பது அதன் கருத்து. ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத முதியவருக்குக்கூட அப்பலகை சொல்வது விளங்கும். ஆங்கிலம் புதிதாகப் பயிலும் மாணவனே அதன் முன் நின்று மயங்குவான். வகுப்பறையிலே 'லெற்' என்றால் 'அனுமதித்தல்' என்று அவன் மனனஞ் செய்திருக்கிறான். யாரை அனுமதிப்பது, எதைச் செய்ய அனுமதிப்பது என்று பலகை ஒன்றும் கூறவில்லையே! குறும்புக்காரச் சிறுவர் சிலர், அவ்விரு சொற்களுக்கும் நடுவில் ஓர் எழுத்தைச் சுண்ணக்கட்டியாற் செருகி, வாடகை வீட்டை மலசலகூடமாக்கிவிடுவதும் உண்டு. அவர்களுக்காவது ஆங்கில எழுத்துக்கூட்டல் நன்கு தெரியும் என்று வீட்டுக்காரர் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்பார்ந்த நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள் அந்தப் பலகையிலுள்ள 'லெற்' என்னும் சிறு சொல்லே. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துக்கள், ஓரசை. ஆயினும் ஒரு காலத்தில் தனக்குத் தானே பகையாய் நின்ற சொல் அது. பிற்காலத்தில், இலண்டன் மாநகரின் நீதிமன்றம் ஒன்றிலே ஓர் இளைஞனின் உயிர் அச்சொல்லோடு கட்டுண்டு கிடந்தது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது எம்மொழியிலும் அதிசயமன்று. 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலே, 'செற்' என்னும் சொல்லுக்கே மிக நீண்ட விளக்கம் தரப்பட்டிருக்கிறது. தமிழிலே 'படி' என்பதை எடுத்தால், புத்தகத்தைப் படிப்பதும் படி, மாடிக்கு ஏறுவதும் படி, நெல் அளப்பதும் படி, மூலத்தைப் பார்த்து எழுதிய பிரதியும் படி. இப்பொருள்கள் ஒன்றோடொன்று சண்டையிடுவதில்லை. அண்டை வீட்டார் போல அவை தத்தம் எல்லைக்குள் அமைதியாக வாழ்கின்றன. நெல் அளக்கும் இடத்தில் ஒருவரும் புத்தகத்தைத் தேடுவதில்லை. 'லெற்' அவ்வாறன்று.

முதலிலே இணக்கமான பகுதியைப் பார்க்கலாம். 'லெற்' என்னும் சொல்லுக்குத் தமிழிலே மிக நெருங்கிய உறவினன் 'விடு' என்பது. 'அவனைப் போக விடு' என்னும்போது அது அனுமதி. 'கையை விடு' என்னும்போது பற்றியதைத் தளர்த்துதல். வாடகைக்கு விடுதல், குத்தகைக்கு விடுதல் என்ற வழக்குகளிலும் அதே சொல்லே நிற்கின்றது. ஆதலால் வெள்ளவத்தைப் பலகையின் முன் நின்ற மாணவனுக்கு 'அனுமதி' என்ற அகராதிப் பொருளைக் கற்பித்ததே ஆசிரியர் செய்த பிழை. 'விடு' என்று கற்பித்திருந்தால், 'வீடு விடப்படும்' என்று அவன் தானாகவே உணர்ந்திருப்பான். கடினமான சொல்லைக் கொண்டு எளிய சொல்லை விளக்க முயலுவது பாடசாலைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு வழக்கம். அதனால் விளைந்த துன்பம் கொஞ்சமன்று.

எனினும் 'விடு' என்பதைத் துணைக்கொண்டு எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது. பிரித்தானியரின் கடவுச்சீட்டிலும் இந்தியக் கடவுச்சீட்டிலும் முன்பக்கத்தே ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கிறது. இச்சீட்டை வைத்திருப்பவர் 'லெற்' இன்றியும் இடையூறு இன்றியும் தாராளமாகச் சென்றுவர இடமளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'லெற்' என்றால் அனுமதி என்று கற்றவன் இதற்கு என்ன பொருள் கொள்வான்? அனுமதியின்றிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்றல்லவா கொள்வான்! இங்கே அச்சொல்லின் பொருள் தடை. விடுதலைக் குறிக்கும் அதே ஒலி, அதே மூன்றெழுத்து, தடுத்தலைக் குறித்து நிற்கின்றது.

ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் எழுந்த ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்திலும் இதனைக் காணலாம். இறந்த தந்தையின் ஆவி கையசைத்து அழைக்கிறது. அதன் பின்னே செல்ல முயலும் இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை 'லெற்' பண்ணுகிறவனை ஆவியாக்கிவிடுவதாக அவன் சூளுரைக்கிறான். தடுப்பவனைக் கொல்வேன் என்பதே அவன் கூற்று. குறிப்புரை பாராமல் இதனைப் படிக்கும் இக்காலத்து மாணவன், போக விடுகிற நண்பனை இளவரசன் ஏன் கொல்லவேண்டும் என்று திகைப்பான். ஒருவேளை அந்த இளவரசனின் பித்து அப்போதே தொடங்கிவிட்டது என்றும் எழுதிவைப்பான்!

1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலும் இச்சொல் இவ்வாறே ஆளப்பட்டிருக்கிறது. உரோமாபுரியாரிடம் வருவதற்குத் தாம் பலமுறை எண்ணியும் தடைப்பட்டதாகப் பவுல் எழுதுமிடத்தில், தடைப்பட்டதற்கு 'லெற்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். 1881இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டவர்கள், வாசிப்போர் மயங்குவதைக் கண்டு அச்சொல்லை அகற்றி வேறு சொல்லை இட்டனர். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய காலத்தில், ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பழைய 'லெற்' இன்னும் இருந்தது. மூல மொழியையும் நோக்கி மொழிபெயர்க்கும் வழக்கம் இருந்தமையால், தமிழ் வேதாகமம் அந்தப் பள்ளத்தில் விழவில்லை.

இந்த முரண்பாடு எவ்வாறு வந்தது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலே இவை இரண்டு வேறு வினைச்சொற்களாக இருந்தன. ஒன்று நெடிலோடு கூடிய 'லேற்றன்'. விடுதல் என்பது அதன் பொருள். ஜெர்மன் மொழியின் 'லாஸன்' அதன் உடன்பிறப்பு. மற்றையது குறிலோடு கூடிய 'லெற்றன்'. தாமதிக்கச் செய்தல், தடுத்தல் என்பது அதன் பொருள். பிந்திவருவதைக் குறிக்க இன்றும் வழங்கும் 'லேற்' என்னும் சொல் இதன் இனத்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இரண்டின் இறுதி அசைகளும் தேய்ந்தன. நெடிலும் குறிலாயிற்று. ஈற்றில் இரண்டும் ஓருருவாயின. இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்த்த மொழிநூலார், மிகப் பழங்காலத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே, 'தளர்தல்' என்பதே அவ்வேரின் பொருள் என்பர். பிடி தளர்ந்தால் பொருள் கைவிட்டுப் போகும். நடை தளர்ந்தால் காலந் தாழ்க்கும். தளர்ச்சி ஒன்றே ஒருபுறம் விடுதலையாகவும் மறுபுறம் தாமதமாகவும் கிளைத்து, பின்பு மீண்டும் ஒரே உருவில் வந்து கூடியிருக்கிறது. சொற்களின் வரலாறு இவ்வளவு விசித்திரமானது.

பகைவர் இருவர் ஒரே பெயரில் ஒரே வீட்டில் நெடுநாள் வாழ இயலாது. 'அவன் என்னை லெற் பண்ணினான்' என்றால், விட்டானா தடுத்தானா என்று கேட்போர் அறியவேண்டுமன்றோ? தடுத்தலைக் குறித்த 'லெற்' மெல்ல மெல்ல ஒதுங்கியது. இப்போது அது உயிரோடிருக்கும் இடங்கள் மிகச் சில: சட்ட வழக்கு, கடவுச்சீட்டு, பந்தாட்ட மைதானம். ரெனிஸ் ஆட்டத்திலே முதற் பந்தை அடிக்கும்போது, அது வலையைத் தொட்டுச் சென்று உரிய கட்டத்துள் விழுந்தால் நடுவர் 'லெற்' என்று கூவுவார். அந்த அடி கணக்கிற் சேராது, மீண்டும் அடிக்கவேண்டும். 'போகட்டும், விட்டுவிடு' என்று நடுவர் பெருந்தன்மையாகச் சொல்வதாகவே பலர் எண்ணுகின்றனர். அவர் சொல்வது தடை என்பதையே. வலை குறுக்கிட்டது என்பதே அதன் கருத்து. ஹம்லெற் இளவரசன் சொன்ன அதே சொல்லை விம்பிள்டன் நடுவர் சொல்கிறார் என்பதை, அவருங்கூட நினைத்துப் பார்ப்பது அரிது.

தமிழிலும் இத்தகைய இடப்பெயர்ச்சி உண்டு. 'நாற்றம்' என்று சங்கப் புலவர் சொன்னால் அது பூவின் நறுமணம். இன்று அச்சொல்லைப் பூவுக்குச் சொன்னால் பூக்காரி சண்டைக்கு வருவாள். ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு இடங்கொடுத்து விலகியது. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வாயில் நின்று குழப்பம் விளைக்கவில்லை.

இனி, தடுத்தலை மறந்து விடுதலை மட்டும் வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. 'லெற் அஸ் கோ' என்று ஒருவர் சொல்கிறார். கள்ளர் கையில் அகப்பட்ட வழிப்போக்கர் சொன்னால் அது 'எங்களைப் போக விடுங்கள்' என்னும் மன்றாட்டு. பேருந்து நிலையத்தில் நிற்கும் நண்பர் சொன்னால் அது 'நாம் போவோம்' என்னும் அழைப்பு. முதலாவதிலே கேட்பவர் கூட்டத்திற்குப் புறம்பானவர். இரண்டாவதிலே அவரும் கூட்டத்தில் ஒருவர். ஆங்கிலத்துக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தச் சொல் இல்லை. பேச்சுவழக்கிலே இரு சொற்களையும் சுருக்கி 'லெற்ஸ்' என்று ஒட்டிச் சொன்னால் அழைப்பு மட்டுமே ஆகும். விரித்துச் சொன்னால் இரண்டும் ஆகலாம். ஓர் ஒற்றைக் காற்புள்ளி செய்யும் இந்த வேலையைத் தமிழ் 'நாம்', 'நாங்கள்' என்னும் இரு சொற்களால் ஐயமின்றிச் செய்துவிடுகிறது. இலக்கண ஆசிரியர் 'நாம்' என்பதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். முன்னால் நிற்பவரையும் தன்னோடு உளப்படுத்துதல் என்பது எத்தனை அழகான கருத்து!

இந்த வேறுபாட்டின் அருமை தமிழ் மாணவனுக்குத் தமிழ் வகுப்பிலே தெரிவதில்லை. ஆங்கில வகுப்பிலேதான் தெரிகிறது. மணி அடித்த பின்பும் பாடம் நீளும்போது, பின்வரிசைப் பிள்ளை எழுந்து பணிவோடு 'லெற் அஸ் கோ, சேர்' என்கிறான். வீடு செல்ல அவன் விடை கேட்கிறான். ஆசிரியர் வேண்டுமென்றே மறு பொருளைக் கொண்டு, 'எங்கே போவோம், சொல்' என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைக்கலாம். தமிழில் அந்தப் பகிடிக்கு இடமே இல்லை.

படர்க்கையிலோ கதை வேறு. 'லெற் ஹிம் கம்' என்பதற்கு 'அவனை வர விடு' என்றும், 'அவன் வருக' என்றும், 'அவன் வரட்டும்' என்றும் மூன்று வகையாகத் தமிழ் கூறலாம். தமிழிலக்கணம் இதற்கு வியங்கோள் என்று தனியாக ஒரு வினை வகுத்திருக்கிறது. வியங்கோள் படர்க்கைக்கே பெரிதும் உரியது, தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பின்வந்த நன்னூலார் மூவிடத்துக்கும் பொதுவாக்கினார். கணித ஆசிரியர் கரும்பலகையில் முக்கோணம் ஒன்றை வரைந்து, ஆங்கிலத்தில் 'லெற்' என்று தொடங்கும் இடத்திலே, தமிழாசிரியர் 'என்க' என்று முடிக்கிறார். அங்கே அனுமதி கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. முக்கோணம் எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. ஒரு கருதுகோளை மனத்தில் நிறுத்துவதே அச்சொல்லின் தொழில்.

ஆனால் 'வரட்டும்' என்னும் சொல்லில் தமிழும் ஆங்கிலமும் ஒரே படகில் ஏறுகின்றன. 'அவன் வரட்டும்' என்று தாய் சொன்னால் அது ஆவல். வாயில்காவலனிடம் அதிகாரி சொன்னால் அனுமதி. கையை முறுக்கிக்கொண்டு எதிரி சொன்னால் பயமுறுத்தல். எழுத்தில் மூன்றும் ஒன்றே. குரலையும் முகத்தையும் கண்டவர்க்கே வேறுபாடு தெரியும்.

'லெற்' என்பதோடு வேறு சிறு சொற்கள் சேர்ந்து பிறக்கும் தொடர்கள் அநேகம். கீழே என்னும் பொருளுள்ள 'டவுண்' சேர்ந்தால், நம்பியவரைக் கைவிடுதல். 'ஒன்' சேர்ந்தால், மறைத்ததை வெளியிடுதல். 'அலோன்' சேர்ந்தால், ஒரு சமயம் தொந்தரவு செய்யாது விடுதல், வேறொரு சமயம் 'அது ஒருபுறமிருக்க' என்பது. இவற்றை வரிசையாக எழுதி மனனஞ் செய்வதிலே பயன் குறைவு. 'ஒவ்' சேர்ந்த தொடர் மட்டும் சற்று நின்று நோக்கத்தக்கது. நீதிபதி கைதியை 'லெற் ஒவ்' செய்தால், தண்டியாமல் விடுகிறார். காவலன் துப்பாக்கியை 'லெற் ஒவ்' செய்தால், சுடுகிறான். விடுதலையும் வெடியும் ஒரே தொடர்! தமிழும் இதற்குப் பின்வாங்கவில்லை. கைதியை விடுவதும் விடுதல், அம்பு விடுவதும் விடுதல், கன்னத்தில் ஓர் அறை விடுவதும் விடுதலே.

இந்த இடத்திலேதான் 1952ஆம் ஆண்டின் வழக்கு நினைவுக்கு வருகிறது.

அவ்வாண்டு நவம்பர் மாதம் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குறொய்டன் என்னும் ஊரிலே, இனிப்புப் பண்டங்களை மொத்தமாக விற்கும் ஒரு பண்டகசாலைக்குள் திருடுவதற்காக இரண்டு பையன்கள் புகுந்தார்கள். ஒருவன் கிறிஸ்தோபர் கிறேக், வயது 16. மற்றவன் டெறெக் பென்ற்லி, வயது 19. கிறேக்கின் கையில் சுழல்துப்பாக்கி இருந்தது. பென்ற்லியிடம் துப்பாக்கி இல்லை. விரல்களிற் பூட்டிக் குத்தும் ஓர் உலோகக் கருவியும் ஒரு கத்தியும் இருந்தன. அவற்றை அவன் எடுக்கவே இல்லை. பென்ற்லி எழுத வாசிக்கத் தெரியாதவன், வலிப்பு நோயாளி, அவனுடைய மனவளர்ச்சி பதினொரு வயதுப் பிள்ளையினது என்று மதிப்பிடப்பட்டது. எதிர்வீட்டிலிருந்த ஒரு சிறுமி அவர்கள் ஏறுவதைக் கண்டாள். பொலிசாருக்குச் செய்தி போயிற்று.

துப்பறியும் உத்தியோகத்தர் பிறெடெரிக் பெயர்பாக்ஸ் நீர்க்குழாயைப் பற்றிக் கூரைமேல் ஏறி, முதலில் பென்ற்லியைப் பிடித்தார். பென்ற்லி திமிறினான். அந்த வேளையிலே அவன் தன் தோழனை நோக்கி நான்கு சொற்களைக் கூவினான் என்று பொலிஸ் உத்தியோகத்தர் மூவர் பின்னர்ச் சாட்சி சொன்னார்கள். 'லெற் ஹிம் ஹாவ் இற், கிறிஸ்' என்பன அச்சொற்கள். கிறேக் சுட்டான், பெயர்பாக்ஸின் தோளிலே காயம் பட்டது. காயத்தோடும் அவர் பென்ற்லியை மீண்டும் பிடித்து வைத்துக்கொண்டார். பென்ற்லி அதன்பின் ஓடவில்லை, எதிர்க்கவுமில்லை. கால் மணி நேரத்துக்கும் மேலான பின்பு, படிக்கட்டு வழியாகக் கூரைக்கு வந்த சிட்னி மைல்ஸ் என்னும் காவலர் கிறேக்கின் குண்டுபட்டு இறந்தார். அவர் இறந்த நேரத்திலே பென்ற்லி பொலிசாரின் கைக்குள் இருந்தான்.

அந்த நான்கு சொற்களின் பொருள் என்ன? சொல்லுக்குச் சொல் எடுத்தால், 'அது அவருக்குக் கிடைக்க விடு' என்பது. துப்பாக்கியைக் கேட்கும் உத்தியோகத்தர் முன்னால் நிற்கிறார். 'அதை அவரிடம் கொடுத்துவிடு' என்று ஒருவன் தோழனுக்குச் சொன்னால் இச்சொற்களையே சொல்லலாம். வழக்குத் தொடராக எடுத்தாலோ, 'அவருக்குப் போடு, சுடு' என்பது. ஒன்று சரணடையச் சொல்வது, மற்றொன்று கொலைக்கு ஏவுவது. ஹம்லெற் காலத்து இரட்டைப் பகை வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது போலும். இம்முறை அது 'லெற்' என்னும் சொல்லில் மட்டுமன்றி, 'இற்' என்னும் சுட்டிலும் ஒளிந்திருந்தது. 'அது' என்று சுட்டப்பட்டது துப்பாக்கியா, குண்டா?

தமிழ் நேயர்க்கு இதனை விளக்க நீண்ட உரை தேவையில்லை. 'அவனுக்குக் கொடு' என்று யாழ்ப்பாணத்துச் சந்தியில் ஒருவன் சத்தமிட்டால், பணத்தைக் கொடுக்கச் சொல்கிறானா, அடியைக் கொடுக்கச் சொல்கிறானா என்று அருகில் நிற்பவனே அறிவான். 'நன்றாகக் கொடுத்தான்' என்றால் நன்கொடை என்று ஒருவரும் கொள்வதில்லை. இந்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலம் ஆட்சி செய்த காலத்திலே, தமிழ்ச் சாட்சி சொன்ன இத்தகைய தொடரை ஒரு கணத்தில் ஆங்கிலமாக்க வேண்டிய பொறுப்பு மொழிபெயர்ப்பு முதலியாருடையது. அவர் 'அடி' என்று பெயர்த்தால் ஒரு பொருள். 'கையில் ஒப்படை' என்று பெயர்த்தால் வேறு பொருள். பதிவேட்டில் ஏறியது ஆங்கிலம் மட்டுமே. அவர் தெரிந்தெடுத்த பொருளோடு வழக்கு நடந்தது.

பென்ற்லியின் வழக்கிலே மொழிபெயர்ப்பாளர் இல்லை. எல்லாரும் ஆங்கிலேயர், சொன்னவனும் கேட்டவரும் தீர்த்தவரும் ஒரே மொழியினர். ஆயினும் ஐயம் தீரவில்லை. அச்சொற்களைத் தான் சொல்லவே இல்லை என்று பென்ற்லி மறுத்தான்; கேட்கவே இல்லை என்றான் கிறேக். சொன்னதாகவே கொண்டாலும், எந்தப் பொருளிற் சொன்னான் என்று எவ்வாறு துணிவது என்ற வாதமும் எழுந்தது. அச்சொற்களைக் கேட்டவுடன் கிறேக் சுட்டமையால் அவை ஏவலே என்பர் ஒரு சாரார். ஆனால் சுட்டவனின் செயலைக் கொண்டு, சொன்னவனின் கருத்தை அளப்பது எங்ஙனம் பொருந்தும்? கேட்டவன் கொண்ட பொருளும் சொன்னவன் கொண்ட பொருளும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியதி எந்த மொழியிலும் இல்லை.

1952 டிசம்பர் 9 முதல் 11 வரை மூன்று நாட்கள், பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபுவின் முன்னிலையில் விசாரணை நடந்தது. ஜூரிமார் 75 நிமிடங்களில் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்த்து, பென்ற்லிக்குக் கருணை காட்டுமாறும் பரிந்துரைத்தனர். சுட்டவனான கிறேக்குக்கு 18 வயது நிரம்பாமையால் சட்டப்படி தூக்குத்தண்டனை இல்லை. சுடாதவனுக்கு உண்டு. மேன்முறையீடு தள்ளப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் பலர் வேண்டியும் உள்நாட்டு மந்திரி கருணை காட்ட மறுத்தார். 1953 ஜனவரி 28ஆம் தேதி காலை வாண்ட்ஸ்வேத் சிறைச்சாலையில் டெறெக் பென்ற்லி தூக்கிலிடப்பட்டான். கிறேக் 1963இல் விடுதலையானான்.

பென்ற்லியின் தமக்கையார் ஐரிஸ், தம்பியின் பெயரைக் கழுவுவதற்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடினார். இதற்கிடையில் மொழியறிஞர்கள் வேறொரு சிறு சொல்லின் மீது கண்வைத்தார்கள். பென்ற்லி தானாகச் சொல்லச் சொல்ல எழுதியதென்று பொலிசார் காட்டிய வாக்குமூலம் 582 சொற்கள் கொண்டது. அதிலே 'பின்னர்' என்னும் பொருளுள்ள 'தென்' என்ற சொல் பத்து முறை வருகின்றது. சாதாரண மக்களின் சாட்சியங்களில் அது ஏறத்தாழ 930 சொற்களுக்கு ஒருமுறையே வருமென்றும், பொலிசார் எழுதும் கூற்றுக்களில் 78 சொற்களுக்கு ஒருமுறை வருமென்றும் மால்கம் கூல்தார்ட் என்னும் பேராசிரியர் கணக்கிட்டுக் காட்டினார். மேலும், பேசுவோர் 'பின்னர் நான்' என்பர். பொலிஸ் நடையிலோ 'நான் பின்னர்' என்பதே வழக்கம். எழுதப் படிக்க அறியாத பையனின் வாயிலே பொலிஸ் நடை எவ்வாறு வந்தது? கேள்விகளைக் கேட்டுப் பெற்ற விடைகளை ஒரே உரையாகக் கோத்திருக்கவேண்டும் என்பது அவருடைய துணிபு. குற்றவாளியின் சொல் என்று ஏட்டில் இருப்பதெல்லாம் அவன் சொல்லே என்று நம்புவதற்கில்லை என்பதை, அகராதியும் எண்சுவடியுமே காட்டிக்கொடுத்தன.

1993 ஜூலையில் தண்டனையைப் பொறுத்த அளவில் மட்டும் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. ஐரிஸ் அம்மையார் 1997இல் காலமானார். அவருடைய மகள் முயற்சியைத் தொடர்ந்தார். 1998 ஜூலை 30ஆம் தேதி, பிங்கம் பிரபுவைத் தலைவராகக் கொண்ட மேன்முறையீட்டு மன்றம், கொடார்ட் பிரபு ஜூரிமாருக்கு வழக்கைத் தொகுத்துரைத்த முறை நடுநிலை தவறியதென்று கண்டு, பென்ற்லியின் மீதான குற்றத் தீர்ப்பை நீக்கியது. தூக்கு நிறைவேறி அப்போது நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றுவிட்டன.

அந்த நான்கு சொற்களும் கூரையின் மேல் உண்மையிலே ஒலித்தனவா, ஒலித்திருந்தால் 'இற்' என்றது எதனை என்பது அத்தீர்ப்பிலும் முடிவாகவில்லை.